தேய்த்து வைத்த குழாய்கள்

அவரை எல்லோரும் பைப்காரர் என்றுதான் சொல்வார்கள். ஒரு பைப்கூட அவருடையது கிடையாது. அவருக்குச் சொந்தம் ஒரு ஸ்டவ், ஒரு மடக்குக் கட்டில், கண்ணாடியில் விரிசல் விட்ட ஒரு போன். மற்றபடி அந்த யார்டில் அவர் காவல்காரர். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. வாசலில் டீக்கடை வைத்திருந்தவரிலிருந்து லாரி டிரைவர்கள் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் மட்டும் அண்ணே என்பேன்.

நான் துறைமுகத்தில் கிளியரிங் வேலை பார்ப்பவள். கப்பலில் வருகிற சரக்குக்குக் கஸ்டம்ஸில் காகிதம் கொடுத்து வெளியே எடுத்துத் தருவது என் பிழைப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் இந்தத் தொழிலில் ஒரு பெட்டி நகராது.

பைப்காரரின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அந்த வழக்கைச் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், சுருக்கமாகத்தான்.

வெளிநாட்டு ஆலை ஒன்று தன் ஊரில் விற்கிற விலையைவிடக் குறைத்து இங்கே சரக்கைக் கொண்டுவந்து குவித்தால், இங்கே இருக்கிற ஆலை படுத்துவிடும். அதைத் தடுக்க அரசாங்கம் ஒரு மேல்வரி போடும். குவிப்புத் தடுப்பு வரி என்று காகிதத்தில் எழுதுவோம், வாயில் டம்பிங் வரி. அதில் தப்பு ஒன்றும் இல்லை, உள்ளூர் ஆலைத் தொழிலாளி வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. ஆனால் எந்த ஆலை எவ்வளவு குறைத்து விற்றது என்று கணக்குப் போடுவதில்தான் வில்லங்கம். வரி ஆபீஸ் அந்த நாட்டு இரும்புக் குழாய் ஆலைகள் அத்தனைக்கும் ஒரே தீட்டாகத் தீட்டிவிட்டது. பைப் விலையில் பாதிக்கு மேல் வரி. எங்கள் இறக்குமதிக்காரர், "நான் வாங்கின ஆலை அப்படிக் குறைச்சு விக்கவே இல்ல" என்று கோர்ட்டுக்குப் போனார்.

வரியைக் கட்டினால் அவர் தலையில் துண்டு. கட்டாமல் சரக்கை வெளியே எடுக்க முடியாது. ஆகவே தீர்ப்பு வரும்வரை பைப்புகளைக் கஸ்டம்ஸ் பூட்டுப் போட்ட யார்டில் அடுக்கினோம். பிறந்த வீட்டுக்கும் திரும்ப முடியாமல், புகுந்த வீட்டிலும் சேர்க்காமல், நடுவழியில் நிற்கிற பெண் மாதிரி அவை அங்கே கிடந்தன. அவற்றுக்குக் காவலாக வந்தவர்தான் இவர்.

"மூணு மாசம்தான், பாத்துக்கப்பா" என்று சொல்லித்தான் இறக்குமதிக்காரர் அவரை வைத்தார். மூன்று மாதமாம். கோர்ட்டு வாசலை மிதிக்காதவன்தான் அப்படிச் சொல்வான். வருஷம் ஆறு ஓடியது.

அதற்கு முன்னால் அவர் துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டுபவராக இருந்தார். மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குக் கீழே நடப்பது முழுசாகத் தெரியாது. கீழே ஒருவர் நின்று கையாலேயே ஏற்று, இறக்கு, நிறுத்து என்று சொல்ல வேண்டும். முழங்கால் போனதும் அந்த வேலை போனது. பழக்கம் போகவில்லை. பேசும்போது கை தானாக எழும்பும். போனில் மகளோடு பேசும்போதுகூட, "இரும்மா இரும்மா" என்று முஷ்டியை மடக்கி நிறுத்தச் சொல்லிக் காட்டுவார். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் சிரிப்பார்.

மனைவி போய்ச் சேர்ந்த வருஷமே மகளுக்குக் கல்யாணமும் முடிந்தது. அவள் இருந்த ஊருக்கு ரயிலில் ஏறினால் இரண்டு இரவு. பேத்தி பிறந்தது இவர் யார்டுக்கு வந்த பிறகு. அந்தக் குழந்தையை இவர் போனில் மட்டும்தான் பார்த்திருந்தார். அதுவும் நடுவில் விரிசல் ஓடுகிற கண்ணாடியில். குழந்தை இவரை பைப் தாத்தா என்று கூப்பிட்டது.

மாதா மாதம் நான் பூட்டும் சீலும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடப் போவேன். பழைய கன்டெய்னர் ஒன்றில் சுவரை வெட்டி ஜன்னல் வைத்து அவருக்கு அறையாக்கியிருந்தார்கள். வெயில் காலத்தில் உள்ளே ஆள் வெந்துவிடும். எனக்கென்று ஒரு நாற்காலியைத் துடைத்து நிழலில் போட்டு வைத்திருப்பார். நான் வரும் நாள் எது என்று சொன்னதே இல்லை, எந்த நாளில் போனாலும் நாற்காலி துடைத்துத்தான் இருக்கும்.

"தினம் துடைச்சு வைப்பீங்களாண்ணே?"

"வேற யாரு மேடம் வர்றாங்க?"

இதைக் குறையாகச் சொல்லவில்லை. மணி கேட்டால் மணி சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

"தனியா இருக்கறது கஷ்டமா இல்லையா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

"பகல்ல தெரியாது. வேலை இருக்கு. மழை பெய்யறப்பதான். அத்தனை பைப் மேலயும் தண்ணி விழற சத்தத்துல நான் பேசினா எனக்கே கேக்காது."

"யார்கிட்ட பேசுவீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. குரல் இருக்கான்னு பாத்துக்குவேன்."

மகள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பாள். எப்பப்பா வர்றீங்க, பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா, இங்கயே வந்து எங்களோட இருந்திடுங்க. இவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரே பதிலைச் சொல்வார். கேஸ் முடியட்டும்மா. வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக அங்கே போய்விடுவது என்பது அவர் திட்டம். போனால் பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவது, கூட்டி வருவது. அதற்கு மேல் அவருக்கு ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

எனக்குக் கோபம் வரும். "ஒரு வாரம் லீவு போட்டு ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்களேன். பைப் என்ன நடந்தா போயிடும்?"

"பைப் நடக்காது மேடம். தூக்கிட்டுப் போறவன் நடப்பான்."

மாற்று ஆள் அனுப்புங்கள் என்று இறக்குமதிக்காரரிடம் நானே இரண்டு தடவை சொன்னேன். அடுத்த மாசம் பாக்கலாம் என்றார். அவருடைய அடுத்த மாசம் எந்தக் காலண்டரிலும் இல்லாத மாசம்.

இதற்கிடையில் வழக்கு அதன் போக்கில் ஊர்ந்தது. முதல் தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தபோது ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனேன். போட்ட கணக்கு சரியில்லை, திரும்பப் போடு என்று கோர்ட்டு வரி ஆபீஸுக்கு உத்தரவு போட்டிருந்தது. ஆபீஸ் திரும்பப் போட்டது. வேறு காரணம் எழுதி அதே வரியைக் கொண்டுவந்து வைத்தது. நாங்கள் மறுபடி கோர்ட்டுக்குப் போனோம். கோர்ட்டு மறுபடி திருப்பி அனுப்பியது.

பைப்காரருக்கு இது பிடிபடவே இல்லை. "கோர்ட்டு சொல்லுது, ஆபீஸ் கேக்க மாட்டேங்குது. அப்ப யாரு மேடம் பெரியவங்க?"

"கோர்ட்டு பெரிசுதாண்ணே. ஆனா அது தானா கணக்கு போடாது. தப்புன்னு மட்டும்தான் சொல்லும். காப்பியில சர்க்கரை இல்லைன்னு திருப்பி அனுப்பினா, டம்ளரை மாத்தி அதே காப்பியைக் கொண்டு வந்து வச்சா என்ன செய்வீங்க?"

"குடிச்சிடுவேன்" என்றார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தக் கதைதான். நாங்கள் சாமியிடம் மூன்றாம் தடவை போனோம்.

கடற்கரை யார்டு. உப்புக் காற்று. இரண்டாவது மழைக்கே பைப்புகளில் துரு எட்டிப் பார்த்தது. யாரும் சொல்லாமல் இவராகவே ஒரு கம்பி பிரஷை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு நாள் வந்த இறக்குமதிக்காரர் தேய்த்த பைப்பில் தன் முகத்தைப் பார்த்துச் சொக்கிப் போனார். "இப்படில்ல இருக்கணும் ஆளு" என்று முதுகில் தட்டிவிட்டு, மறு வாரமே டின் டின்னாகக் கறுப்பு வார்னிஷ் அனுப்பி வைத்தார். அனுப்பியது அவர்தான். இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் பிற்பாடு மறந்துபோனார்.

அன்றிலிருந்து பைப்காரருக்கு அதுவே வாழ்க்கையாகிவிட்டது. ஒரு அடுக்கை முடித்து அடுத்த அடுக்கு. ஒவ்வொரு பைப்பையும் உருட்டி, அடிப்பக்கமும் விடாமல் வெள்ளையாகத் தேய்த்து, துணியால் துடைத்து, அப்புறம்தான் வார்னிஷ். கடைசி அடுக்கை முடிக்கும்போது முதல் அடுக்கு மறுபடி காத்திருக்கும். பெற்ற பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதுபோல அப்படி ஒரு பொறுமை. கஸ்டம்ஸ் ஆட்களே வந்து பார்த்துவிட்டு, மற்ற யார்டுக்காரர்களிடம் இவரைக் காட்டிப் பேசினார்கள்.

மூன்றாவது தீர்ப்பில் கோர்ட்டு கோபப்பட்டுவிட்டது. இன்ன செலவைச் சேர்க்காமல் கணக்குப் போடு என்று விரல் வைத்துக் காட்டிவிட்டது. வரி ஆபீஸ், எங்களுக்கு இதில் உடன்பாடில்லை, உத்தரவு என்பதால் செய்கிறோம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டுக் கணக்கைப் போட்டது. என் மாமனார் கடைக்குப் போவதும் இப்படித்தான், முணுமுணுத்துக்கொண்டே போவார், ஆனால் போவார். நாங்கள் வாங்கின ஆலைக்கு மட்டும் டம்பிங் வரி சுத்தமாக நீங்கியது. மற்ற ஆலைகளுக்குப் பழைய வரியே.

போனில் சொல்ல மனசு வரவில்லை, நேரில் போனேன். கேட்டதும் அவர் கவிழ்த்து வைத்திருந்த வாளியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப நான் போலாமா மேடம்?"

"கஸ்டம்ஸ் வந்து ஒரு பார்வை பாத்துட்டா லாரி வந்திரும். அதுக்கப்புறம் இங்க உங்களுக்கு என்ன வேலை? போய்ப் பேத்தியோட இருங்க."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்துபோய் முகத்தைக் கழுவிவிட்டு வந்து மகளுக்குப் போன் போட்டார். "முடிஞ்சிருச்சும்மா. வரேன். ஆமா, ஒரேயடியாத்தான்." அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. இவர் மட்டும் சரிம்மா, சரிம்மா என்றார். போனை வைத்துவிட்டு, "பின்பக்க ரூமை எனக்கு ஒழிச்சுத் தர்றாளாம்" என்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பத்து வயசு குறைந்திருந்தது.

அந்த வாரமே டிக்கெட் எடுத்தார். ஸ்டவ்வை டீக்கடைக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பேத்திக்கு ஒரு சிவப்பு மழைக்கோட்டு வாங்கினார். அளவு தெரியாமல் கடையில் நின்று, இவ்வளவு உயரம் இருப்பா என்று கையைக் காட்டினாராம். கடைக்காரர், கையை ஆட்டாம ஒரு இடத்துல நிறுத்துங்க என்றாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கஸ்டம்ஸிலிருந்து வந்தவர் சின்ன வயசு அதிகாரி. மரியாதையான ஆள்தான், திட்ட மனசு வரவில்லை. கையில் ஆலையின் சான்றிதழ். அதில் ஹீட் நம்பர்கள் இருந்தன. இரும்பை உருக்கும்போது ஒவ்வொரு உலைக் கொதிப்புக்கும் ஆலை போடுகிற எண் அது. அதே எண்ணும் ஆலையின் பெயரும் ஒவ்வொரு பைப்பின் மேலும் நீளவாக்கில் வெள்ளை எழுத்தில் அச்சாகியிருக்கும். ஒரே ஆலைக்கு மட்டும் வரி நீங்கியதால், பைப் அந்த ஆலையுடையதுதானா என்று காகிதத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அத்தனை ஆலைக்கும் ஒரே வரியாக இருந்த காலமெல்லாம் அந்த எழுத்தை எவரும் சீண்டவில்லை. காகிதம் பத்திரமாக இருக்கிறது, அது போதும் என்று நான், வக்கீல், இறக்குமதிக்காரர் எல்லோருமே இருந்துவிட்டோம்.

அதிகாரி முதல் அடுக்கைச் சுற்றி வந்தார். குனிந்தார். டார்ச் அடித்தார். இரண்டாவது அடுக்குக்குப் போனார்.

"எழுத்து எங்கங்க?"

பைப்காரர் பெருமையாக முன்னால் வந்தார். "துரு ஒரு பொட்டு இருக்காது சார். மேலாப்ல அடிக்கல. நல்லா தேச்சிட்டுத்தான் அடிச்சேன்."

"எழுத்தையும் சேத்தா தேச்சீங்க?"

"வெள்ளையா கோடு மாதிரி இருந்துச்சே, அதா சார்? அதுக்கடியிலதான் துரு முதல்ல பிடிக்கும்."

அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எனக்கே ஒட்டிக்கொண்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"கட்டுக்கு ஒரு தகடு தொங்குமே, நம்பர் போட்டு?"

"கட்டுக் கம்பி துருப்பிடிச்சுப் பைப்பைக் கறையாக்கிச்சு சார். அறுத்துப் போட்டேன்."

"தகடு?"

"பழைய இரும்புக்காரர் எடுத்துட்டுப் போயிட்டார்."

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். ஆறு வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்து நிற்கிறது, எழுத்தைக் காணோம். பளபளவென்று கறுப்பாக, எந்த ஆலையில் பிறந்தது என்று சொல்ல நாதியில்லாமல், அத்தனை பைப்பும் வரிசையாகக் கிடந்தன. எந்த ஆலை என்று தெரியாத பைப்புக்குப் பழைய வரிதான். அதிகாரி தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். வார்னிஷை எடுத்துப் பார்த்து, அடுக்குக்குச் சிலதிலாவது எழுத்தின் நிழல் தெரிந்தால் மேலிடத்தில் கேட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் மறுபடி கோர்ட்டுத்தான்.

இறக்குமதிக்காரர் வந்து குதித்த குதியை நான் எழுதப்போவதில்லை. வார்னிஷ் யார் அனுப்பியது என்று நான் கேட்டேன். அவர் காதில் விழவில்லை. "குடி கெடுத்துட்டியே" என்று இவரைத்தான் சொன்னார். பைப்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

இறக்குமதிக்காரர் போனதும் நான் கத்தினேன். "நீங்க ரயில் ஏறுங்கண்ணே. தின்னர் போட்டு வார்னிஷைத் துடைக்க நாலு ஆளைக் கூலிக்கு வைக்கட்டும். அந்தக் கேஸ்ல அரசாங்கம் இருக்கு, உள்ளூர் ஆலை இருக்கு, இறக்குமதிக்காரர் இருக்கார். உங்க பேரு எந்த மூலையிலயாவது இருக்கா?"

"பேரு இல்ல மேடம். கை என்னுதுல்ல?"

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். டீக்கடைக்குப் போய் ஸ்டவ்வைத் திரும்பக் கேட்டார். டீக்கடைக்காரர் ஒன்றும் கேட்காமல், திரி மாற்றிக் கொடுத்தாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லீவைப் பார்க்காமல் நான் போனேன். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் துணியும் தின்னருமாக முதல் அடுக்கின் மேல் கவிழ்ந்திருந்தார். மூன்று பைப்புகளில் ஏதோ இரண்டு எழுத்து மாதிரி மங்கலாகத் தெரிந்தது. நம்பர் மாதிரியும் இருந்தது, கீறல் மாதிரியும் இருந்தது. எனக்குத் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றேன்.

அப்போது போன் அடித்தது. கையெல்லாம் கறுப்பு. "நீங்களே அந்தப் பச்சையை அமுக்கி ஸ்பீக்கர்ல போடுங்க மேடம்" என்றார். அமுக்கி, போனைப் பைப் மேல் வைத்தேன்.

"அப்பா, வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு யார் வர்றதுன்னுதான் பேசிக்கிட்டிருந்தோம்."

"டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேம்மா. பைப்ல ஒரு சிக்கல். கேஸ் மறுபடியும் கோர்ட்டுக்குப் போனாலும் போகும்போல."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு இறங்கியது. பாரம் இறக்கி வைக்கிறவர்கள் விடுகிற மூச்சு. அது எனக்கே தெளிவாகக் கேட்டது.

"அப்படியாப்பா? சரிப்பா. பரவால்ல, ஒண்ணும் அவசரம் இல்ல. நிதானமாவே வாங்க."

ஆறு வருஷமாக எப்ப வர்றீங்க, எப்ப வர்றீங்க என்று கேட்ட அதே குரல். அவர் வரமாட்டார் என்று தெரிந்ததால் அத்தனை ஆசையாகக் கேட்டிருக்கிறாள். நல்ல பெண்தான், பொய்க்குக் கேட்டிருக்கமாட்டாள். சின்ன வீடு, வேலைக்குப் போகிற புருஷன் பெண்டாட்டி, எனக்கு எல்லாம் புரிகிறது. புரிந்தாலும் போனைப் பிடுங்கி நாலு கேட்கலாமா என்று வாய் துடித்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அதற்குள் பின்னாலிருந்து குழந்தையின் குரல்.

"அம்மா, பைப் தாத்தா வரலையா? அப்ப ரூம் எனக்கேதானேம்மா?"

"உஸ்" என்று அவள் அடக்குவது கேட்டது. பிறகு போனை மூடிக்கொண்டாள்போல, ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வந்து, "அப்பா, அடுத்த வாரம் கூப்பிடறேன், சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

நான் தலையை எங்கே திருப்புவது என்று தெரியாமல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் துணியைப் பிழிந்தார். ரொம்ப நேரம் பிழிந்தார்.

"ரூம்ங்கிற வார்த்தையை எவ்வளவு திருத்தமா சொல்றா, பாத்தீங்களா மேடம்? போன வருஷம்லாம் லூம், லூம்னுதான் சொல்லிக்கிட்டிருந்தா."

"ஆமாண்ணே" என்றேன். "பேச்சு நல்லா வந்திருச்சு."

"வந்திருச்சு" என்றார். துணியைத் தின்னரில் நனைத்துக்கொண்டு அடுத்த பைப்புக்கு நகர்ந்தார்.